கருகிய தாலாட்டு

தந்தையின் உடலைப் படையினரின் ஜீப் வண்டியில் கட்டி இழுத்துச் சென்றார்கள். மகள் அதைக் கண்ணால் கண்டாள். பின்னொரு நாள், செய்தி கேட்டு எழுத வந்த ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் அவள் வேண்டுகோள் ஒன்றை வைத்தாள்: உலகம் கண்டவர் நீங்கள், என் தந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையை உலகுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதே மகள் இன்னொரு வேளையில் வேறொன்று வேண்டினாள்: இதை எவரிடமும் சொல்லாதீர்கள். குளித்து, தூய வெள்ளைச் சட்டை அணிந்த பிறகே உணவுக்கு அமரும் மானமுள்ள மனிதர் அவர். உடை கிழிந்த கோலத்தில் நான் கண்டதைப்போல் வேறு எவரும் அவரை நினைவில் வைத்திருக்க வேண்டாம்.

சொல் என்கிறாள், சொல்லாதே என்கிறாள். எதற்குச் செவி சாய்ப்பது?

இந்தக் கேள்வியைத் தம் நூலின் வாயிலிலேயே நிறுத்தியிருக்கிறார் மானிடவியல் அறிஞர் வாலன்டைன் டேனியல். இலங்கையில் பிறந்த தமிழர். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1996-இல் வெளியிட்ட ஆங்கில நூல் அது. 'கருகிய தாலாட்டுகள்' என்பது அதன் பெயருக்குப் பொருள். மகளின் இரண்டு வேண்டுகோள்களையும் அவர் அச்சேற்றிவிட்டார். நாமும் இப்போது அதையே செய்கிறோம் என்பதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை.

ஈழத்து இரத்தத்தைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகள் ஏராளம். நம் மேடைகளில் முழங்கப்பட்ட உரைகள் அவற்றினும் ஏராளம். அவ்வளவையும் விடுத்து, வெளிவந்து பல ஆண்டுகளான ஓர் ஆராய்ச்சி நூலை இங்கே எடுத்துப் பேசுவானேன் என்று தோழர்கள் கேட்கலாம். நாற்பது ஆண்டுகளாக நாம் அந்தக் கொடுமையைப் பேசிவந்த முறையையே அந்நூல் கேள்விக்குள்ளாக்குகிறது; அதனால்தான்.

டேனியலின் முதல் நூலிலிருந்து தொடங்குவதே முறை. 1984-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது. தமிழ் நெறியில் மனிதராயிருத்தல் என்பது அதன் துணைத் தலைப்பின் கருத்து. திருச்சி மாவட்டச் சிற்றூர் ஒன்றில் தங்கி, அவ்வூர் மக்களோடு பழகி எழுதியது. ஊர் மண்ணின் குணம் அதில் வாழ்பவனின் உடலுக்குள் இறங்குகிறது. சொந்த ஊர் என்பது வரைபடத்துப் புள்ளியாக நிற்பதில்லை, அது ஒருவனுடைய உடற்பொருளின் ஒரு கூறு. வீடும் மனிதனைப்போலவே பிறந்து வளர்ந்து குணம் பெறுகிறது. இப்படியெல்லாம் அவ்வூரார் நம்புவதை அவர் வெகு நுட்பமாக எடுத்துக்காட்டினார். சபரிமலைக்குச் செல்லும் கூட்டத்தோடு தாமும் நடந்து, அந்த வழிப்பயணம் மனிதனின் 'நான்' என்பதை எப்படிக் கரைக்கிறது என்றும் எழுதினார்.

நுட்பம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த 'மனிதர்' யார்? பெரும்பகுதி ஆறுநாட்டு வேளாளர். நிலமும் ஊரும் உடையவர்கள். நிலமுடையவனுக்கு மண் உடம்பில் இறங்கும். அந்த மண்ணை உழுதும், அதில் அரையடிக்கும் உரிமையற்று, ஊருக்கு வெளியே சேரியில் குடியிருத்தப்பட்டவனுக்கு 'சொந்த ஊர்' எது? சாதிக்கொரு குணம் என்னும் நம்பிக்கையைத் 'தமிழ் நெறி' என்று பெயரிட்டு உலகப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும்போது, அந்த நெறியால் மிதிபட்டவனும் தமிழன்தான் என்பது எங்கே போயிற்று? பெரியார் பிறந்த மண்ணில், சாதி மறுப்பும் சுயமரியாதைத் திருமணமும் அரை நூற்றாண்டு கண்ட பின்னர், தமிழ் மனிதனை ஆராயப் புறப்பட்டவரின் கண்ணுக்கு அவையும் மனிதராயிருத்தலின் ஒரு வழியாகப் பட்டிருக்க வேண்டும். முதல் நூலின் மீது நமக்குள்ள வழக்கு இது. வழக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டாம் நூலுக்கு வருவோம். அதை எழுத அவர் திட்டமிடவே இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பெண்கள் பாடும் பாட்டுகளைத் திரட்டுவதே அவர் நோக்கம். துரைமாரும் அரசாங்கமும் எழுதிவைத்த வரலாற்றுக்கு மாறான வரலாறு ஒன்று அப்பெண்களின் தாலாட்டில் இருக்கக்கூடும் என்று அவர் கருதினார். நல்ல கருத்து. ஆனால் அவர் சென்ற வேளை 1983. சூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு கொழும்பு எரியத் தொடங்கிற்று. வெலிக்கடைச் சிறையில் சூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் தமிழ்க் கைதிகள் 53 பேர் அடித்துக் கொல்லப்பட்டனர். பாட்டுக் கேட்கப் போனவரிடம் மக்கள் பாட்டுப் பாடவில்லை. கண்டதைச் சொன்னார்கள். சொல்ல முடியாதபோது வாய்மூடி இருந்தார்கள். அவர் எழுதிக்கொண்டது அதைத்தான்.

தோட்டத்து மக்கள் யார் என்பதை இளைய தோழர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். காப்பித் தோட்டம் போட வெள்ளையன் காட்டை அழித்தபோது, பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்டுத் திருச்சி, மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் கடல் கடந்தவர்கள். பள்ளரும் பறையரும் சக்கிலியரும் அவர்களில் மிகுதி. காப்பிச் செடி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது, லயத்து அறை மட்டும் மாறவில்லை. விடியலில் பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். கொழுந்தின் எடை குறைந்தால் அன்று 'அரைப் பேர்'தான் போடுவார்கள். தோட்டத்து வழக்கில் ஒரு நாள் கூலிக்குப் பெயர் 'பேர்'. மனிதனின் பெயரைப் பாதியாக வெட்டும் கணக்கு அது! டேனியலின் நூலில் அளவைகளைப் பற்றியே ஓர் இயல் இருக்கிறது. துரைமாரின் வேளாண்மை அறிவியல் பேசும் மொழி ஒன்று, அதே மண்ணைப் பற்றித் தொழிலாளி பேசும் மொழி வேறொன்று. அளக்கிறவன் மொழி அளக்கப்படுகிறவன் மொழியை எப்படி மிதிக்கிறது என்பதை அவர் அதில் ஆராய்கிறார். அடி உதை இல்லாத நாளிலும் வன்முறை இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. நூலில் நாம் மிக விரும்பிப் படித்த பகுதியும் இதுவே.

இந்த மக்களை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஒரே அடியில் நாடற்றவராக்கிற்று. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் காங்கிரசு அப்போது அந்த அரசாங்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது; அது பொறாமல் செல்வநாயகம் பிரிந்துவந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி கண்டார். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் அமர்ந்து ஒப்பமிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்தாண்டு கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். மூட்டை கணக்கிடுவதைப்போல் மனிதர்களைக் கணக்கிட்டவர்கள், எந்தத் தாயிடமாவது, அம்மா, நீ எந்நாட்டவள் என்று கேட்டதுண்டா?

திருச்சிச் சிற்றூரில் மண்ணே மனிதனின் அடையாளம் என்று கண்டவர், மண்ணே மறுக்கப்பட்ட மக்களிடம் வந்து நின்றார். முதல் நூலில் காணாமற்போன மனிதன் இரண்டாம் நூலில் முன்வந்து நிற்கிறான். டேனியல் இதைத் தம் வாயால் ஒப்புக்கொள்கிறாரோ இல்லையோ, இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்கிறவருக்கு அது தெரியாமற் போகாது.

அடையாளம் என்பதைப் பற்றி அவர் சொல்லும் ஒன்றை நம் தோழர்கள் ஊன்றிப் படிக்கவேண்டும். சிங்களவர் தங்கள் உரிமைக்கு வரலாற்றைத் துணைக்கழைக்கிறார்கள், மகாவம்சத்தைக் காட்டுகிறார்கள், அநுராதபுரத்து இடிபாடுகளைக் காட்டுகிறார்கள். தமிழர் சார்பு வேறு வகையில் இருக்கிறது. அவர்கள் காட்டுவது வாழையடி வாழையாக வந்த மரபை. மொழியை, பழக்கத்தை, வழிபாட்டை. ஒருவர் ஆண்டுக்கணக்குப் பேசுகிறார், மற்றவர் அழியாத் தொடர்ச்சி பேசுகிறார். இருவரும் பேசுவது ஒரே பொருளைப் போலத் தோன்றினாலும் ஒன்றன்று என்கிறார் டேனியல். பழம்பெருமையைப் பாடிப் பாடியே தூங்கியவர்களைத் தட்டியெழுப்பிய இயக்கம் நம்முடையது. அதே இயக்க மேடையிலேயே பழம்பெருமைக்குப் பல்லக்குத் தூக்கிய நாட்களும் உண்டு. ஆகவே இந்தப் பகுதியைப் படிக்கும்போது, சிங்களவனுக்குச் சூடு என்று கைதட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நூலின் கடைசி இயல்தான் நம்மை உறங்கவிடாதது. கொலைக்கு உடனிருந்த சிங்கள இளைஞன் ஒருவன் தான் கண்டதைச் சொல்கிறான். ஒரு கோயில். பூசாரி ஓடிவிட்டார். கூட்டம் உள்ளே புகுந்து சாமி சிலைகளை உடைக்கிறது. தமிழ்ச் சிறுவன் ஒருவன் ஏதோ ஒரு சிலையின் பின்னால் ஒளிந்திருக்கிறான். பிடித்து இழுக்கிறார்கள். அடிக்காதீர்கள் சாமி என்று அவன் அவர்களையே சாமி என்றழைத்துக் கெஞ்சுகிறான். பிறகு நடந்ததை நாம் எழுதப்போவதில்லை.

நாம் கடவுளை மறுப்பவர்கள். கல்லுக்குப் பின்னால் ஒளிந்தால் கல் காக்குமா என்று கேட்டுப் பழகியவர்கள். இந்த இடத்தில் அந்தக் கேள்வி நம் வாயில் எழவில்லை. சிலை உடைப்பைப் பற்றி நமக்கும் ஒரு வரலாறு உண்டு. 1953 மே 27 அன்று பெரியார் பிள்ளையார் உருவத்தை உடைத்தார். தாம் வாங்கிய மண்பொம்மையை, நாள் குறித்து, ஊரறிய உடைத்தார். எந்தப் பக்தன் மேலும் ஒரு கல் விழவில்லை. அங்கே அந்தக் கூட்டம் உடைத்ததோ ஒரு சிறுவனை எட்டிப் பிடிக்கும் வழியில். உடைத்தவர்களின் ஊரில் அன்பைப் போதித்த புத்தர் பெயரால் விகாரைகள் இருந்தன. மதம் அங்கே கொலைக்குத் தடையாக நிற்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்வோம்; ஆனால் அந்தச் சிறுவனின் அழுகையை நம் வாதத்துக்குச் சான்றாக்கிக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

டேனியலின் மையக் கருத்தும் ஏறத்தாழ இங்கேதான் நிற்கிறது. வன்முறையைப் பண்பாட்டின் ஒரு கூறு என்று அடக்கிவிட முடியாது. அது பண்பாட்டுக்கு எதிர்ச்சுருதி. எந்தக் கதையிலும் எந்தக் கோட்பாட்டிலும் முழுதாக அடங்காமல் எஞ்சி நிற்பது என்கிறார். சித்திரவதைப்பட்டவர்களிடம் பேசிப் பார்த்து, அவர்கள் வலி சொல்லாக மாற மறுப்பதை எடுத்துக்காட்டுகிறார். சொல்ல முயன்றவனை நம்ப ஆளில்லை. நம்ப ஆள் கிடைத்தபோது சொல்லில்லை. இதை விளக்க அமெரிக்க மெய்யியல் அறிஞர் பர்ஸ் வகுத்த குறியியலைத் துணைக்கொள்கிறார். அந்தப் பகுதிகளின் நடை கடினம், மிகக் கடினம். கூலித் தொழிலாளி நான்கு சொல்லில் சொன்னதைச் சுற்றி இவ்வளவு முள்வேலி வேண்டுமா என்று நாம் சில இடங்களில் நூலை மூடி வைத்ததுண்டு. தோழர்கள் அந்த இடங்களைத் தாண்டிப் படிக்கலாம், குற்றமில்லை.

வன்முறைக்குப் பொருளில்லை என்னும் இந்தக் கருத்தை நாம் ஏற்கலாமா? பாதியை ஏற்கலாம். பட்டவனைப் பொறுத்தவரை அது முழு உண்மை. என் மகன் ஏன் செத்தான் என்று கேட்கும் தாயிடம் போய், இனப் பகை, பொருளாதார நெருக்கடி, பேரினவாதம் என்று பட்டியல் படிப்பது மடமை. அவளுக்கு அது விடையாகாது. விதி என்று சொல்லும் பூசாரியைப் போலவே, வரலாற்றின் தேவை என்று சொல்லும் பேச்சாளனும் அவளை ஏமாற்றுகிறான். விடுதலைக்கு உரமாயினர், விதையாயினர் என்று நாம் எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! அந்த மகளின் தந்தை உரமாக விரும்பினாரா? வெள்ளைச் சட்டை அணிந்து உணவுக்கு அமர விரும்பினார்.

மறுபாதியை ஏற்பதற்கில்லை. கொலையுண்டவன் பக்கத்தில் பொருள் இல்லாமல் போகலாம்; கொன்றவன் பக்கத்தில் கணக்கு இருந்தது. கொழும்பில் வீடு வீடாகச் சென்ற கூட்டத்தின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. பட்டியலைத் தந்தது இருட்டோ, மனித மனத்தின் அடியாழமோ அன்று. ஏதோ ஓர் அலுவலகம். 1948 குடியுரிமைச் சட்டம், 1956 தனிச்சிங்களச் சட்டம், 1958 கலவரம், 1977 கலவரம், 1979 பயங்கரவாதத் தடைச் சட்டம், 1981-இல் யாழ் நூலக எரிப்பு: இது ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு படியையும் வைத்தவனுக்குப் பெயரும் பதவியும் உண்டு. 1983 சூலை 28 அன்று வானொலி, தொலைக்காட்சி வாயிலாகப் பேசிய குடியரசுத் தலைவர் செயவர்த்தனே மாண்ட தமிழர்க்கு ஓர் இரங்கற்சொல்லும் சொல்லவில்லை. ஆகஸ்டில் நாடாளுமன்றம் கூடிப் பிரிவினை பேசுவதைத் தடுக்கும் ஆறாம் திருத்தத்தை நிறைவேற்றிற்று. இதையெல்லாம் விளக்க இயலும், விளக்கத்தான் வேண்டும். விளங்காப் பொருள் என்று விட்டுவிட்டால், குற்றவாளி அந்த மூடுபனியில் நழுவிவிடுவான். டேனியலும் வெள்ளையர் ஆட்சியிலிருந்து தொடங்கி வரலாற்றைப் பேசத்தான் செய்கிறார். எனினும் கடைசி இயலை எட்டும்போது சட்டமும் அலுவலகமும் அவர் பார்வையிலிருந்து தொலைவில் போய்விடுகின்றன. அங்கே அவரோடு நாம் வேறுபடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்நூல் ஒருபக்கக் குற்றப்பத்திரிகை அன்று. தமிழ்ப் போராளிகளின் கையால் நேர்ந்த கொலைகளையும் அது மறைக்கவில்லை. நம்மில் சிலர்க்கு இது கசக்கும். கசந்தாலும் படிக்கவேண்டும். பிரிட்டனில் குடியேறிய ஈழத்தமிழரைப் பற்றிய இயலும் அவ்வாறே. முதலில் போனவர்கள் மருத்துவரும் பொறியியலாளருமான மேட்டுக்குடியினர். பின்னர்ப் போனவர்கள் மாணவர்கள். 1983-க்குப் பின் போனவர்கள் ஏதிலிகள். ஒரே மொழி பேசிய மூன்று கூட்டத்தாருக்கும் 'நாடு' என்ற சொல் மூன்று பொருள் தந்தது. கடைசியாகப் போனவர்களில் பலருக்கு அந்தச் சொல்லின்மீதே பற்று அற்றுப்போயிற்று. முன்னே போனவர்கள் பின்னே வந்தவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதை அங்கே படிக்கும்போது யாழ்ப்பாணத்துத் தெருக்களும் மலையகத்து லயங்களும் நம் சேரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. மலையகத்தில் எஞ்சிய நாடற்றவர்க்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல் வந்தது. சட்டம் பறித்ததைச் சட்டம் திருப்பித்தர ஐம்பத்தைந்து ஆண்டு ஆயிற்று. 1964 ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் நம் நீலகிரியில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை தரவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அங்கே இந்தியத் தமிழர், இங்கே சிலோன்காரர். இரண்டு கரையிலும் அயலார். கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து பறித்து முதிர்ந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். 1983-இல் டேனியல் கேட்கப் போய்க் கேட்க இயலாமற்போன பாட்டுகளில் சில அவர்கள் நெஞ்சில் இருக்கக்கூடும்.

நீலகிரி மாவட்ட மன்றத் தோழர்கள் இதைக் கருதிப் பார்க்கவேண்டும். இருவர் இருவராகச் செல்லுங்கள். மேடை வேண்டா, கொடி வேண்டா, ஒலிபெருக்கி வேண்டா. அம்மாயி, அப்பாயி என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அழைப்பதுபோல் அழைத்துத் திண்ணையில் அமருங்கள். பாடினால் எழுதிக்கொள்ளுங்கள், பாடாவிட்டால் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். எழுதியதை மறுமுறை போய்ப் படித்துக்காட்டி, இதில் எதை வெளியிடலாம், எதை வெளியிடக்கூடாது என்று அவர்களையே கேளுங்கள். வெளியிடலாம் என்று அவர்கள் சொன்னவற்றை மட்டும் நமக்கு அனுப்புங்கள்.